கேரவனுக்கு மின்சாரம்: பவர் ஸ்டேஷனா, ஏஜிஎம்மா, லித்தியமா, 24 வோல்ட்டா?

கூரையில் எத்தனை வாட் சோலார் பேனல் போடலாம் என்பதில்தான் பெரும்பாலானவர்கள் தொடங்குகிறார்கள். இடம் இருக்கும் அளவுக்குப் பேனலை வாங்கிவிட்டு, அதற்கேற்ற பேட்டரி, அதற்கேற்ற வயர் என்று கீழே இறங்கி வருகிறார்கள். வரிசை தலைகீழாகிவிடுகிறது. ஒரு நாளைக்கு எவ்வளவு மின்சாரம் செலவாகும், சூடாக்கும் வேலையை மின்சாரத்திடம் ஒப்படைக்கப் போகிறோமா என்ற இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் பேட்டரியும் வோல்டேஜும் ஏறக்குறைய முடிவானதுபோலத்தான். பேனல் அதற்குப் பிறகு. இங்கே ஒப்பிடும் வழிகள் நான்கு: எல்லாம் ஒரே பெட்டியில் வரும் பவர் ஸ்டேஷன், ஏஜிஎம் என்ற மூடிய ஈயப் பேட்டரி, எல்எஃப்பி என்ற லித்தியம் பேட்டரி 12 வோல்ட்டில், அதுவே 24 வோல்ட்டில்.

## முதலில் ஒரு நாள் கணக்கு

இரண்டு பேர் தங்கும் கேரவனில், சமையல் கேஸில் நடக்கிறது என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஏறத்தாழ இப்படி வரும்.

| சாதனம் | வாட் | ஓடும் நேரம் | வாட்-மணி |
|---|---|---|---|
| 45 லிட்டர் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் | 45 | 24 மணி நேரத்தில் 40% | 430 |
| எல்இடி விளக்குகள் 4 | 20 | 4 மணி | 80 |
| கூரை ஃபேன் | 25 | 8 மணி | 200 |
| லேப்டாப் | 60 | 3 மணி | 180 |
| போன் இரண்டு | – | – | 30 |
| தண்ணீர் பம்ப் | 60 | 15 நிமிடம் | 15 |
| மொத்தம் | | | 935 |

கிட்டத்தட்ட ஒரு யூனிட், அதாவது 1000 வாட்-மணி. கோடையில் ஃபிரிட்ஜ் 60% நேரம் ஓடும். அதற்கு மட்டும் இன்னும் 200 வாட்-மணி சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பலரும் விட்டுவிடும் ஒரு வரி உண்டு: இன்வெர்ட்டரின் சும்மா இருக்கும் செலவு. 2000 வாட் இன்வெர்ட்டர் எதையும் ஓட்டாமல் ஆன் ஆகியிருந்தாலே 15 வாட் அளவுக்கு எடுக்கும். 24 மணி நேரத்துக்கு 360 வாட்-மணி. ஒரு லேப்டாப்புக்காக அதை நாள் முழுக்க ஆன் செய்து வைத்தால், லேப்டாப்பைப்போல இரண்டு மடங்கு மின்சாரத்தை இன்வெர்ட்டரே தின்றுவிடும்.

அடுத்தது சூடு. ஒரு லிட்டர் தண்ணீரைக் கெட்டிலில் கொதிக்க வைக்க 110 வாட்-மணி போதும்; மொத்தக் கணக்கில் அது பெரிய செலவே இல்லை. ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்கு அது 1500 வாட் கேட்கும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் 135 ஆம்பியருக்கு மேல். இவ்வளவு கரண்டைத் தரும் பேட்டரி, தாங்கும் கேபிள், அதற்கான ஃபியூஸ் எல்லாம் அந்த ஒரு கெட்டிலுக்காகத்தான் வாங்கப்படுகின்றன. இண்டக்‌ஷன் அடுப்பு வந்தால் நாளுக்கு 1000 முதல் 1200 வாட்-மணி கூடும். 700 வாட் ஏசி ஆறு மணி நேரம் ஓடினால் 4200. அது வேறு உலகம்.

## எதை வைத்து எடைபோடுவது

நாள் செலவையும் உச்ச வாட்டையும் பார்த்துவிட்டோம். இன்னும் நான்கு இருக்கின்றன.

வண்டி எத்தனை நாளுக்கு ஒருமுறை நகரும்? தினமும் அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் இடம் மாறுகிறவருக்கு எஞ்சினே பெரிய மின் உற்பத்தி நிலையம். ஒரே இடத்தில் பத்து நாள் நிற்பவருக்குப் பேனல்தான் கதி.

எடை. இழுத்துச் செல்லும் சிறிய கேரவன்களில் பலவற்றில், தண்ணீர், கேஸ், துணிமணி எல்லாம் சேர்த்து ஏற்ற அனுமதிக்கப்பட்ட எடையே 150 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அதில் 60 கிலோவைப் பேட்டரிக்குக் கொடுப்பது சின்ன விஷயமில்லை.

தட்பவெப்பம். உறைபனியும் கடும் வெயிலும் வெவ்வேறு பேட்டரிகளை வெவ்வேறு விதமாகக் கெடுக்கும்.

பழுது. நடுவழியில் ஒன்று போனால் அந்த ஒன்றை மட்டும் மாற்ற முடியுமா, மொத்தமும் நின்றுவிடுமா?

கீழே ஏஹெச் என்பது ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு. டிசி என்பது பேட்டரி தரும் நேர்திசை மின்சாரம். டிசி-டிசி சார்ஜர், எஞ்சின் பக்க மின்சாரத்தைக் கேரவன் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கருவி. ஷன்ட், பேட்டரிக்குள் போய்வரும் கரண்டை அளக்கும் துண்டு.

| | பவர் ஸ்டேஷன் | ஏஜிஎம் 12 வோ. | எல்எஃப்பி 12 வோ. | எல்எஃப்பி 24 வோ. |
|---|---|---|---|---|
| எடுத்துக்காட்டு அளவு | 1000 வாட்-மணி | 200 ஏஹெச் | 200 ஏஹெச் | 200 ஏஹெச் |
| உண்மையில் எடுக்கக்கூடியது (வாட்-மணி) | 850–900 | 1200 | 2050–2300 | 4100–4600 |
| எடை (பேட்டரி மட்டும்) | 10–15 கிலோ | 56–64 கிலோ | 20–26 கிலோ | 40–50 கிலோ |
| வசதியான உச்ச சுமை | அதன் இன்வெர்ட்டர் அளவே | 600–800 வாட் | 2000 வாட் வரை | 3000 வாட், அதற்கும் மேல் |
| உறைநிலைக்குக் கீழே சார்ஜ் | கூடாது | முடியும், மெதுவாக | கூடாது | கூடாது |
| ஒரு பாகம் போனால் | எல்லாம் நிற்கும் | அதை மட்டும் மாற்றலாம் | அதை மட்டும் மாற்றலாம் | மாற்றலாம், பாகம் கிடைப்பது தாமதமாகலாம் |
| மறைந்திருக்கும் செலவு | சார்ஜ் ஆகும் வேகம் | ஆயுள், எடை | டிசி-டிசி சார்ஜர், ஷன்ட், ஃபியூஸ் | 24→12 கன்வெர்ட்டர் |

## பவர் ஸ்டேஷன்

பேட்டரி, இன்வெர்ட்டர், பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏறும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர் மூன்றும் ஒரே பெட்டியில். துளை போட வேண்டாம், கேபிள் முனையில் லக் (உலோகக் காது) அடிக்க வேண்டாம், கீழே இறக்கி வீட்டுக்குள்ளும் எடுத்துப் போகலாம்.

குறை அது உள்ளே வாங்கும் வேகத்தில் இருக்கிறது. காரின் சிகரெட் லைட்டர் சாக்கெட் வழியாக 100 வாட் அளவுக்குத்தான் ஏறும். 1000 வாட்-மணியை நிரப்பப் பத்து மணி நேரம் ஓட்ட வேண்டும். சோலார் உள்ளீட்டுக்கும் வோல்ட், வாட் என இரண்டு உச்சவரம்புகள் உண்டு. வாட் வரம்பு மீறினால் கூடுதல் மின்சாரம் வீணாகும், அவ்வளவே. வோல்ட் வரம்பு மீறினால் பெட்டியே போய்விடும். வெளியே தரும் 12 வோல்ட் சாக்கெட்டும் பெரும்பாலும் 10 ஆம்பியர்தான்: ஃபிரிட்ஜுக்குப் போதும், கேரவனின் மொத்த 12 வோல்ட் சுற்றுக்கும் போதாது. வாங்கும்போது உள்ளே இருப்பது எல்எஃப்பி செல்லா என்று பார்ப்பது அவசியம். பழைய வகை லித்தியம்-அயன் செல்களின் ஆயுள் எல்எஃப்பியின் ஆயுளில் சிறு பங்குதான்.

வாடகை கேரவன், வார இறுதிப் பயணம், நாளுக்கு 600 வாட்-மணிக்குள் செலவு என்றால் இதை விட்டுவிட்டு வயரிங் செய்வது வீண் உழைப்பு.

## ஏஜிஎம்

ஈயப் பேட்டரி வகைகளில் கேரவனுக்குப் பொருந்துவது இதுதான். தண்ணீர் ஊற்றும் வகை சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும். உறங்கும் அறைக்குள் அதற்கு வெளிக்காற்றுக் குழாய் இல்லாமல் இடமில்லை.

ஏஜிஎம்மில் பெட்டியில் அச்சிட்டிருக்கும் கொள்ளளவில் பாதியைத்தான் எடுக்கலாம். அதற்குக் கீழே போகப் போக ஆயுள் வேகமாகக் குறையும். போதாததற்கு, அந்த அச்சிட்ட கொள்ளளவு என்பது 20 மணி நேரத்தில் மெல்ல எடுத்தால் கிடைப்பது. 1000 வாட் இன்வெர்ட்டரை மாட்டி வேகமாக இழுத்தால் அதுவும் சுருங்கும், வோல்டேஜும் சரிந்து இன்வெர்ட்டர் அலாரம் அடிக்கும். ‘பேட்டரி பாதிக்கு மேல் இருக்கிறது, கெட்டில் மட்டும் ஓடமாட்டேன் என்கிறது’ என்ற புலம்பலுக்குக் காரணம் இது.

அடுத்த சிக்கல் முழுமையாக நிறைவது. 80% வரை வேகமாக ஏறும். கடைசி 20% சில மணி நேரம் இழுக்கும். காலையில் ஆறு மணிக்குச் சார்ஜ் தொடங்கினாலும், வேகமாக ஏற்ற வேண்டிய பொழுதில் வெயில் தாழ்வாகவும், வெயில் உச்சியில் இருக்கும்போது பேட்டரி கொஞ்சமாகவும் வாங்கிக்கொள்ளும். நாள்தோறும் 90%-இலேயே நின்றுவிட்டால் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டு, ஓரிரு ஆண்டில் கொள்ளளவு பாதியாகிவிடும். வாரம் ஒருமுறையாவது வெளி மின் இணைப்பிலிருந்து முழுதாக நிரப்ப முடியாதவர்கள் ஏஜிஎம் வாங்கும்போது இந்தச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். வெப்பமும் எதிரிதான்: 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது ஈயப் பேட்டரிக்கான பொதுவிதி.

இரண்டு பேட்டரியை இணையாகச் சேர்த்தால் இரண்டும் ஒரே வகை, ஒரே அளவு, ஒரே நேரத்தில் வாங்கியவையாக இருக்க வேண்டும். பாசிட்டிவ் கேபிளை முதல் பேட்டரியிலும் நெகட்டிவ் கேபிளை இரண்டாவதிலும் எடுங்கள். இரண்டையும் ஒன்றிலிருந்தே எடுத்தால் அந்தப் பேட்டரி மட்டும் உழைத்துச் சாகும்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஏஜிஎம் சரியாகப் பொருந்தும் இடங்கள் உண்டு. பனிக்காலத்தில் உறைநிலைக்குக் கீழே நிற்கும் வண்டி, பெரும்பாலும் வெளி மின் இணைப்போடு நிற்கும் வண்டி, ஆண்டுக்கு இரண்டு மூன்று வாரம் மட்டும் ஓடும் பழைய கேரவன். ஏற்கெனவே ஈயப் பேட்டரிக்கான சார்ஜர் பொருத்தியிருந்தால் கூடுதலாக எதையும் மாற்ற வேண்டியதில்லை.

## எல்எஃப்பி, 12 வோல்ட்

லித்தியம் இரும்பு பாஸ்பேட். 100 ஏஹெச் பேட்டரி 10 முதல் 13 கிலோ. ஏஜிஎம்மின் எடையில் பாதிகூட இல்லை. 80 முதல் 90% வரை எடுக்கலாம். 80% ஆழத்துக்கு இறக்கி ஏற்றினாலும் 2000 சுற்றுக்கு மேல் தாங்கும். பாதியில் நிறுத்திவிட்டாலும் கோபித்துக்கொள்ளாது. சொல்லப்போனால் நீண்ட நாள் கிடப்பில் போடும்போது பாதியில் இருப்பதே அதற்கு நல்லது. ஏற்றியதில் 95% அளவுக்குத் திரும்பத் தரும், ஈயத்தில் 80–85%. ஒரு ஏஹெச்சுக்கு என்ன விலை என்று பார்த்தால் அதிகமாகத் தெரியும். உண்மையில் எடுக்கக்கூடிய ஒரு யூனிட்டுக்கு என்ன விலை என்று பார்த்தால் வித்தியாசம் சுருங்கும், ஆயுளையும் வகுத்துப் பார்த்தால் ஏஜிஎம்தான் ஆடம்பரம்.

செலவு பேட்டரிக்கு வெளியே ஒளிந்திருக்கிறது.

ஈயப் பேட்டரியின் மிச்சத்தை வோல்டேஜ் பார்த்துச் சொல்லிவிடலாம்: ஓய்வில் 12.7 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. எல்எஃப்பி 40%-லும் 80%-லும் ஏறக்குறைய 13.2 தான் காட்டும். ஆகவே உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் ஷன்ட் மீட்டர் வேண்டும். எல்லா நெகட்டிவ் வயரும் ஷன்ட்டில் பேட்டரி இல்லாத மறுபக்கத்தில்தான் சேர வேண்டும். பேட்டரி முனையில் நேராக ஒரே ஒரு வயர் கட்டினாலும் கணக்கு பொய்யாகிவிடும்.

செல்களைக் கண்காணித்து, ஆபத்தென்றால் துண்டித்துவிடும் உள்ளிருக்கும் மின்பலகைதான் பிஎம்எஸ். அதன் ஆம்பியர் எண்ணைப் பாருங்கள். 100 ஆம்பியர் பிஎம்எஸ் கொண்ட ஒரு 100 ஏஹெச் பேட்டரி 1280 வாட்டுக்கு மேல் தராது. 2000 வாட் இன்வெர்ட்டரை அதில் மாட்டினால் கெட்டிலை ஆன் செய்த நொடியில் விளக்கும் ஃபிரிட்ஜும் சேர்ந்து அணையும்.

உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். நல்ல பிஎம்எஸ் தடுத்துவிடும். ஆனால் ‘உறைநிலைப் பாதுகாப்பு’ இல்லாத மலிவுப் பேட்டரிகளும் விற்பனையில் இருக்கின்றன. குளிர் இடமென்றால் பேட்டரியைத் தரைக்கடியில் வைக்காமல் உள்ளே வையுங்கள், அல்லது தானே சூடாக்கிக்கொள்ளும் வகையை வாங்குங்கள். கரண்ட் எடுப்பதற்கு இந்தத் தடை இல்லை.

இதன் ஷார்ட் சர்க்யூட் கரண்ட் ஆயிரக்கணக்கான ஆம்பியர். சாதாரண ஃபியூஸ் உருகினாலும் உள்ளே தீப்பொறி வில் அணையாமல் தொடரலாம். முக்கிய ஃபியூஸ் கிளாஸ் டி (Class T) வகையாக இருப்பது நல்லது.

கேஸ் அடுப்பு, கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ், எப்போதாவது ஒரு கெட்டில். இந்தப் பட்டியலுக்குள் வாழ்க்கை அடங்குமென்றால் 200 ஏஹெச் 12 வோல்ட் எல்எஃப்பிக்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. பெரும்பாலானவர்களுக்கு விடை இதுதான்.

## எல்எஃப்பி, 24 வோல்ட்

வோல்டேஜ் இரட்டிப்பானால் கரண்ட் பாதி. 2000 வாட் சுமைக்கு 12 வோல்ட்டில் சுமார் 180 ஆம்பியர், 24-இல் 90. ஒன்றரை மீட்டர் தூரத்துக்கு அங்கே 70 சதுர மில்லிமீட்டர் கேபிள் போடும் இடத்தில் இங்கே 35 போதும். 30 ஆம்பியர் சோலார் கன்ட்ரோலர் 12 வோல்ட்டில் 440 வாட் பேனலைத்தான் முழுதாகப் பயன்படுத்தும். 24-இல் அதே கன்ட்ரோலர் 880 வாட்டை எடுத்துக்கொள்ளும்.

இழப்பு எங்கே? விளக்கு, பம்ப், ஃபேன், கேஸ் ஹீட்டரின் மின்பலகை எல்லாம் 12 வோல்ட்டுக்கே செய்யப்படுகின்றன. அவற்றுக்கு 24→12 கன்வெர்ட்டர் வேண்டும். இரவும் பகலும் அது ஆனிலேயே இருக்கும், அதுவும் கொஞ்சம் குடிக்கும், அது போனால் தண்ணீரும் வெளிச்சமும் போகும். எஞ்சின் 12 வோல்ட் என்றால் 12→24 சார்ஜர் தனி. இரண்டு 12 வோல்ட் எல்எஃப்பியைத் தொடராக இணைத்து 24 ஆக்குவதைவிட 25.6 வோல்ட் என்று எழுதிய ஒரே பேட்டரி மேல். தொடரில் ஒன்று நிறைந்து மற்றொன்று பின்தங்கினால் முதலாவதன் பிஎம்எஸ் மொத்தத்தையும் துண்டிக்கும். சில பேட்டரிகள் தொடர் இணைப்பையே அனுமதிப்பதில்லை.

இண்டக்‌ஷனில்தான் தினசரிச் சமையல், அல்லது ஏசி கட்டாயம் என்று முடிவானால் 24 வோல்ட் நியாயமாகிறது. 2000 வாட்டுக்குள் நிற்கும் ஒருவர் ‘பிற்காலத்தில் உதவும்’ என்று 24-க்குப் போவது தேவையில்லாத சிக்கலை விலை கொடுத்து வாங்குவது.

## எஞ்சினிலிருந்து சார்ஜ்: ரிலேயா, டிசி-டிசி சார்ஜரா?

பேனலைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இதை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 400 வாட்-மணி தரும். மூன்று மணி நேரப் பயணத்தில் 1200. மேலே கணக்கிட்ட ஒரு நாள் செலவைவிட அதிகம். மழையிலும் தரும், இரவிலும் தரும். இரண்டு நாளுக்கு ஒருமுறை இடம் மாறுகிறவர் கூரையில் பாதிப் பேனலைக் குறைத்துவிட்டு இதை வாங்கலாம்.

எஞ்சின் பேட்டரியையும் கேரவன் பேட்டரியையும் வோல்டேஜ் பார்த்து இணைத்து விலக்கும் ஸ்விட்சான ரிலே மலிவு. இரண்டு பக்கமும் ஈயப் பேட்டரி, பழைய வகை ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுழற்றும் மின்னாக்கி) என்றால் நன்றாகவே வேலை செய்யும். புதிய வண்டிகளின் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் எரிபொருளைச் சேமிக்க வோல்டேஜை 12.5 அளவுக்கு இறக்கிவிடும். அப்போது ரிலே விலகிக்கொள்ளும், கேரவன் பேட்டரிக்கு எதுவும் வராது.

எல்எஃப்பியோடு ரிலேயைச் சேர்ப்பதில் மூன்று தனித்தனிக் கேடுகள். ரிலே 13.3-இல் சேர்ந்து 12.8-இல் விலகுவதாக இருந்தால், ஓய்விலேயே 13.2-இல் நிற்கும் எல்எஃப்பி எஞ்சின் அணைந்த பிறகும் ரிலேயை விலக விடாது. இரவெல்லாம் அது எஞ்சின் பேட்டரியைச் சார்ஜ் செய்துகொண்டிருக்கும். இரண்டாவது, எல்எஃப்பியின் உள்தடை மிகக் குறைவு. ஆல்டர்னேட்டர் தரும் அத்தனையையும் இழுக்கும். வண்டி நின்றபடி ஓடும்போது குளிர்விக்கும் காற்று குறைந்து ஆல்டர்னேட்டர் கருகும். மூன்றாவது, சார்ஜ் நடுவில் பிஎம்எஸ் திடீரெனத் துண்டித்தால் எழும் வோல்டேஜ் துள்ளல் ஆல்டர்னேட்டரின் டயோடுகளை எரித்துவிடலாம். டிசி-டிசி சார்ஜர் கரண்டை ஓர் அளவில் நிறுத்துவதால் மூன்றும் இல்லை.

இழுத்துச் செல்லும் கேரவனில் வயரும் பிரச்சினை. வண்டியின் முன்பக்கத்திலிருந்து கேரவன் பேட்டரி வரை ஒருவழித் தூரம் 8 மீட்டர், இணைப்பு பிளக்கில் உள்ள வயர் 2.5 ச.மி.மீ., கரண்ட் 15 ஆம்பியர் என்றால்:

வோல்டேஜ் வீழ்ச்சி = 0.035 × ஒருவழி மீட்டர் × ஆம்பியர் ÷ ச.மி.மீ. = 0.035 × 8 × 15 ÷ 2.5 = 1.68 வோல்ட்

புறப்படும் 14.2 வோல்ட் பேட்டரிக்கு வந்து சேரும்போது 12.5. எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் நிறையாது. டிசி-டிசி சார்ஜருக்குத் தனியாக 16 ச.மி.மீ. கேபிளும் 50 ஆம்பியர் ஆண்டர்சன் இணைப்பும் (அதிகக் கரண்டுக்கான பிளக்) போடுங்கள். இந்தக் கேபிளின் இரு முனையிலும் பேட்டரி இருப்பதால் இரு முனையிலும் ஃபியூஸ் வேண்டும். மற்ற எந்த வேலைக்கும் இந்தச் சூத்திரத்தைப் போட்டு, வீழ்ச்சி 3%-க்குள், அதாவது 12 வோல்ட்டில் 0.36-க்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

## பேனல்: கண்ணாடி, நெகிழும் வகை, மடக்கு வகை

400 வாட் பேனல், 4.5 மணி நேர முழு வெயில், வெப்பம், தூசி, கிடைமட்டமாகக் கிடப்பது எல்லாவற்றுக்கும் 0.7 எனக் கழித்தால் நாளுக்கு 1260 வாட்-மணி. இன்வெர்ட்டர் வீண்செலவோடு சேர்த்த நம் கணக்கு 1295. ஆகவே வெயிலுள்ள பருவத்தில் 400 வாட் ஓரளவு ஈடுகொடுக்கும். பூமத்திய ரேகையிலிருந்து மிகத் தள்ளிய நாடுகளின் குளிர்காலத்தில் முழு வெயில் ஒரு மணி நேரம் கிடைத்தாலே அதிகம். அங்கே இதே பேனல் 280 தான் தரும். கூரை நிறையப் போட்டாலும் ஈடுகட்ட முடியாது, எஞ்சினும் வெளி இணைப்பும்தான் வழி.

கண்ணாடிப் பேனல். 100 வாட்டுக்கு 6–8 கிலோ. கூரைக்கும் பேனலுக்கும் இடையே குறைந்தது 3 செ.மீ. காற்றோட்டம் விடுங்கள். செல் சூடு 65 டிகிரியைத் தொட்டால் அச்சிட்ட வாட்டில் 14% போய்விடும். வீட்டுக்கூரைக்கான 400 வாட் பேனல் ஒரு வாட்டுக்கு மிக மலிவு. ஆனால் 1.7 மீட்டருக்கு 1.1 மீட்டர், 21 கிலோ. கூரை ஜன்னலுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே அது உட்காருமா என்று அட்டை வெட்டி வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒட்டுவதற்கு வண்டிக் கண்ணாடி ஒட்டும் பாலியூரித்தேன் பசை. சிலிக்கோன் பசை காற்றின் தூக்குவிசைக்கு நிற்காது.

நெகிழும் பேனல். 100 வாட் 2 கிலோதான், வளைந்த கூரையிலும் படியும். ஆனால் நேராகக் கூரையில் ஒட்டினால் சூடு போக வழியில்லை. செல் விரிசல், சூட்டுப்புள்ளி, மேலுறை உரிதல் எல்லாம் வரும். கெட்டுப்போனால் பிய்த்தெடுக்கும்போது கூரையின் தோலும் சேர்ந்து வரும். எடை கட்டாயப்படுத்தினால் மட்டும் இது. அப்போதும் இடிஎஃப்இ (ETFE) என்ற பிளாஸ்டிக் மேலுறை உள்ளதையே வாங்குங்கள்.

மடக்குப் பேனல். வண்டியை நிழலில் நிறுத்திப் பேனலை வெயிலில் வைக்கலாம், சூரியனை நோக்கித் திருப்பலாம். கோடை மதியத்தில் உள்ளே தூங்க நினைப்பவருக்கு இது சாதாரண வசதியல்ல. தினமும் எடுத்து வைக்கும் வேலை, திருட்டு, காற்று மூன்றும் அதன் விலை. முதுகில் கன்ட்ரோலர் ஒட்டி வரும் வகையில், கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் நடுவில் நீளமான மெல்லிய வயர் இருக்கும். கன்ட்ரோலர் அளப்பது தன் முனையின் வோல்டேஜை. பேட்டரி நிறைந்துவிட்டது என்று முன்கூட்டியே முடிவுகட்டிச் சார்ஜைக் குறைத்துவிடும். கன்ட்ரோலரைக் கழற்றிப் பேட்டரிக்கு அருகில் வைப்பதே தீர்வு.

கன்ட்ரோலரில் நெடிய விவாதம் வேண்டாம். ஒரே ஒரு 100 வாட் ‘12 வோல்ட்’ பேனல் என்றால் பேனலைப் பேட்டரியின் வோல்டேஜிலேயே ஓட்டும் எளிய வகையான பிடபிள்யூஎம் போதும். அதற்கு மேல், பேனலின் கூடுதல் வோல்டேஜைக் கரண்டாக மாற்றித் தரும் எம்பிபிடி. வீட்டுக்கூரைப் பேனலோடு பிடபிள்யூஎம் கூடவே கூடாது: 31 வோல்ட், 13 ஆம்பியர் பேனலிலிருந்து அது 13 ஆம்பியரை மட்டும் பேட்டரியின் 13 வோல்ட்டில் கடத்தும், 400 வாட்டில் 169 மிஞ்சும்.

தொடரா, இணையா என்பதில் கவனிக்க வேண்டியது குளிர். திறந்த வோல்டேஜ் (எதனோடும் இணைக்காதபோது காட்டுவது) 24 உள்ள நான்கு பேனலைத் தொடரில் போட்டால் 96. 100 வோல்ட் கன்ட்ரோலருக்குள் அடங்கியதுபோலத் தோன்றும். −10 டிகிரி காலையில் அது 106 ஆகிக் கன்ட்ரோலரைக் கொன்றுவிடும். இரண்டிரண்டாகத் தொடரில் போட்டு அவற்றை இணையாகச் சேர்த்தால் 53-இல் நிற்கும், நிழல் விழுந்தாலும் பாதி தப்பும். மூன்று வரிசையோ அதற்கு மேலோ இணையாக வந்தால் ஒவ்வொரு வரிசைக்கும் ஃபியூஸ்.

## இன்வெர்ட்டரா, நேரடி 12 வோல்ட்டா?

இரண்டும் வேண்டும், ஆனால் இன்வெர்ட்டர் பெரும்பாலும் அணைந்தே இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ், விளக்கு, ஃபேன், பம்ப் நேராக 12-இல். லேப்டாப்புக்கு 12 வோல்ட்டில் ஓடும் 65 அல்லது 100 வாட் யுஎஸ்பி-சி சார்ஜர். இன்வெர்ட்டர் ப்யூர் சைன் (வீட்டு மின்சாரம்போலச் சீரான அலை தரும்) வகையாக இருக்கட்டும். அதன் ரிமோட் ஸ்விட்ச் கதவருகே கைக்கெட்டும் இடத்தில். எட்டாத இடத்தில் இருந்தால் யாரும் அணைக்கமாட்டார்கள்.

## வயர், ஃபியூஸ்: எந்த வழியானாலும் மாறாதவை

ஃபியூஸ் சாதனத்தைக் காப்பதற்கல்ல, வயரைக் காப்பதற்கு. அதனால்தான் அது பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும்.

| சுற்று | வயர் (ச.மி.மீ.) | ஃபியூஸ் (ஆம்பியர்) |
|---|---|---|
| விளக்கு | 1.5 | 10 |
| பம்ப் | 2.5 | 10 |
| ஃபிரிட்ஜ், 6 மீட்டர் | 6 | 15 |
| 2000 வாட் இன்வெர்ட்டர், 12 வோ., 1.5 மீட்டர் | 70 | 250 |
| 2000 வாட் இன்வெர்ட்டர், 24 வோ., 1.5 மீட்டர் | 35 | 125 |

ஃபிரிட்ஜுக்கு ஏன் 6? ஓடும்போது 4 ஆம்பியர் அளவுதான். கம்ப்ரஸர் கிளம்பும்போது 10-ஐத் தொடும். 2.5 வயரில் அந்த நொடி 0.84 வோல்ட் விழும், ஃபிரிட்ஜ் பேட்டரி தீர்ந்துவிட்டதாக நினைத்து நின்றுவிடும், பிறகு மீண்டும் முயலும். பேட்டரி பழுது என்று மாற்றப்படும் பல பேட்டரிகளுக்குப் பின்னால் இந்த மெல்லிய வயர் இருக்கிறது.

மல்டி ஸ்ட்ராண்ட் வயர் மட்டும். வீட்டுச் சுவருக்குள் போகும் ஒற்றைக் கம்பி அதிர்வில் முறியும். லக்கைச் சால்டர் செய்யாமல் கிரிம்ப் செய்யுங்கள், அதாவது கருவியால் அழுத்திப் பிடிக்க வையுங்கள். ஈயம் ஊறிய இடத்தின் ஓரத்தில்தான் வயர் ஒடியும். நெகட்டிவுக்குச் சேசிஸை நம்பாமல் தனி வயர். வீட்டு மின்சாரத்துக்கான (மாறுதிசை) எம்சிபியை, அதாவது தானாகத் துண்டிக்கும் பிரேக்கரை, டிசி பக்கம் மாட்டக்கூடாது, டிசியின் தீப்பொறி வில்லை அது அணைக்காது. டிசி பிரேக்கரிலும் திசை குறித்திருந்தால் அதன்படியே.

வெளியிலிருந்து 230 வோல்ட் வரும் பக்கம் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டால் துண்டிப்பது), இருமுனை எம்சிபி, சேசிஸுக்கு எர்த், இன்வெர்ட்டருக்கும் வெளி இணைப்புக்கும் நடுவே மாற்று ஸ்விட்ச். இரண்டும் ஒரே நேரத்தில் சேர எந்த வழியும் இருக்கக்கூடாது. 12 வோல்ட் வயரோடு ஒரே குழாயில் இதை ஓட்ட வேண்டாம். இந்தப் பகுதியை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள்.

முதல்முறை உயிர்கொடுக்கும்போது எல்லா ஃபியூஸையும் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் துருவம் சரிபாருங்கள். பிறகு பேட்டரியைக் கன்ட்ரோலருக்கு, அதன் பிறகே பேனலைக் கன்ட்ரோலருக்கு. கழற்றும்போது பேனல் முதலில். இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டர் முதல் தொடுதலில் பெரிய பொறி அடிக்கும். சில நொடி ஒரு ரெசிஸ்டர் வழியாக நிரப்பிவிட்டு கேபிளை முடுக்குங்கள். முழுச் சுமையைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, இன்ஃப்ராரெட் வெப்பமானியால் ஒவ்வொரு லக்கையும் பாருங்கள். பக்கத்து லக்கைவிட ஒன்று தெளிவாகச் சூடாக இருந்தால் அதை வெட்டிவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள். முதல் நீண்ட பயணம் முடிந்ததும் எல்லா போல்ட்டையும் இன்னொரு முறை முடுக்க வேண்டியிருக்கும். சாலை அதிர்வில் ஒன்றிரண்டாவது தளர்ந்திருக்கும்.